பின்வீட்டுக் கார்

என் தங்கச்சியின் கார் என் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். மிச்சமெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

ஒளித்து என்ன பயன்? பொறாமையே இல்லாத ஆள் போலக் கதை சொல்ல எனக்கு வராது. வாகன இறக்குமதித் தடை எடுபட்டதுதான் தாமதம், தங்கச்சி சோபனாவும் அவள் புருஷன் சிந்துஜனும் கொழும்புக்கு ஓடினார்கள். கறுப்பு நிறம். ஜெர்மன்காரன் செய்தது. ஜீப்பின் உயரம், ஆனால் பந்தயக் காரின் ஓட்டமாம். அறுநூறு குதிரைச் சக்தியாம். திருகோணமலை டவுனுக்குள் மாடும் மானும் நடுறோட்டில் படுத்துக் கிடக்க, ஓட்டோக்காரன் நினைத்த இடத்தில் திரும்ப, இந்த அறுநூறு குதிரையையும் எங்கே கொண்டுபோய் மேய்க்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. மனதுக்குள் கேட்டேன்.

சிந்துஜன் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுக்கிறவன். மரக்கறி, இறைச்சி, தண்ணீர், கயிறு, மாலுமி கேட்கிற சிகரெட் வரை. என் புருஷன் இராகுலனும் அதே துறைமுகத்தில்தான் வேலை, ஆனால் களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிற லிகிதர். ஒரே கடல்தான். அவனுக்கு அள்ளிக் கொடுக்கிறது, எங்களுக்குக் காற்று மட்டும் வருகிறது.

எங்கள் வளவு டொக்யார்ட் வீதியில். அப்பா அருளம்பலம் இரண்டு பெண்களுக்கும் ஒரே காணியில் இரண்டு சீதன வீடு கட்டித் தந்தார். மூத்தவள் எனக்கு றோட்டைப் பார்த்த முன்வீடு. சோபனாவுக்குப் பின்வீடு. கேற் ஒன்று, கிணறு ஒன்று. கேற்றைத் திறந்தால் என் முற்றம். முற்றத்தைத் தாண்டி, என் குசினிப் பக்கத்து மதிலை ஒட்டி ஓர் ஒழுங்கை, ஏழடி அகலம். அது ஒரு வளைவு வளைந்து சோபனாவின் வாசலுக்குப் போகும். அப்பா கட்டும்போது சைக்கிளும் மாட்டுவண்டியும் நினைத்திருப்பார். மருமகன் ஒருவன் ஜெர்மன் காரோடு வருவான் என்று அந்த மனுஷன் கனவா கண்டார்?

கார் வந்த அன்று சிந்துஜன் அதை ஒழுங்கைக்குள் விடப் பார்த்தான். மூன்று தரம். மூன்று தரமும் கார் கீச்சுக் கீச்சென்று கத்தியது. நாலு பக்கமும் கண் இருக்கிறதாம் அதற்கு, மதிலைக் கண்டால் கத்துமாம். கடைசியில் அவன் வேர்த்துப்போய் இறங்கி வந்தான்.

"மச்சாள், இண்டைக்கு மட்டும் உங்கட முத்தத்தில விடட்டே?"

நான் வாய் திறக்க முதல் என் புருஷன், அந்தப் புண்ணியவான், "அதுக்கென்ன தம்பி, விடும்" என்று சொல்லிவிட்டு, எங்கள் சின்னக் காரை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் சுகமாகப் போய், பின்வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குகிற கார் அது. ஒரு கதவு உள்ளிருந்துதான் திறக்கும். அதுவும் என் முற்றத்தை விட்டுப் போய்விட்டது. இண்டைக்கு மட்டும், இண்டைக்கு மட்டும் என்று ஒரு மாதம்.

நான் வீட்டில் இருந்து சட்டை தைக்கிறவள். என் மெஷின் விறாந்தையில், முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அப்படியென்றால் யோசித்துப் பாருங்கள். காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலு வரை என் கண்ணுக்கு நேரே அந்தக் கார். அதன் கதவு அப்படி ஒரு மினுக்கம். மெஷினில் குனிந்திருக்கிற நான், கழுத்தில் அளவு நாடாவோடு, அதில் முழுசாகத் தெரிவேன். நிமிர்ந்தால் அவளும் நிமிர்வாள். மெலிந்து, முகம் கறுத்து, ஏதோ கேட்டு வந்து நிற்கிறவள் போல. ஒரு மாதத்தில் என் முகத்தை அவ்வளவு தரம் நான் என் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை.

முதல் வெள்ளிக்கிழமை சோபனா செத்தல் மிளகாய், உப்பு, முச்சந்தி மண் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீதான் மூத்தவள். காருக்குக் கண்ணூறு கழிச்சு விடு."

என்னிடம் வந்து கேட்கிறாள்! வேறு ஆளே கிடைக்கவில்லை இவளுக்கு. நானும் பேப்பரை வாங்கிக்கொண்டு அந்தப் பெரிய காரை மூன்று தரம் சுற்றி நடந்தேன். ஊர்க் கண் போகட்டும் என்று சொல்லும்போது குரல் நன்றாகத்தான் வந்தது. உறவுக் கண் போகட்டும் என்கிற இடத்தை முணுமுணுத்துக்கொண்டு தாண்டினேன். மிளகாயைச் சிரட்டை நெருப்பில் போட்டேன். கண்ணூறு இல்லாவிட்டால் மிளகாய் கமறும், மூக்கெல்லாம் எரியும். இருந்தால் ஒரு மணமும் வராது. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

நாலு பேர் நெருப்பைச் சுற்றி நின்றோம். ஒரு தும்மல்? ஒரு செருமல்? மருந்துக்கும் இல்லை.

"ஐயோ அக்கா, எவ்வளவு கண் பட்டிருக்குப் பார்!" என்றாள் சோபனா.

"ஆரின்ர கண்ணோ, ஆருக்குத் தெரியும்" என்றேன் நான். இராகுலன் தென்னை மரத்தில் தேங்காய் எண்ணுகிறவர் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு எங்களைக் கிண்ணியாப் பாலம் வரை ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்குத் தலையிடி என்று சொல்லிப் பார்த்தேன். சோபனா விடவில்லை. "அக்கா, நீ முன்னுக்கு இரு, நான் பின்னுக்கு இருக்கிறன்" என்று கையைப் பிடித்து ஏற்றினாள். கதவு சாத்தின சத்தமே கேட்கவில்லை. சாத்தினதும் றோட்டும் காகமும் பக்கத்து வீட்டு ரேடியோவும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன. புதுத் தோல் மணம். கீழே இருந்து குளிர்காற்று வருகிறது, இருக்கிற இடத்திலேயே! நான் நெளிந்தேன். சிந்துஜன் சிரித்துக்கொண்டு எதையோ தட்டினான். கதிரை என் முதுகைப் பிடித்துவிடத் தொடங்கியது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், நோகிற இடம் தெரிந்து நிதானமாக. இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் ஒருநாள் எனக்கு ஒருவர் இப்படி முதுகு பிடித்துவிட்டாரா? பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்த ஒருவர் தண்ணீர்ப் போத்தல் வைக்கிற தட்டை வெளியே இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக இருந்தார்.

சீனக்குடா தாண்டி வெறும் றோட்டு வந்ததும் சிந்துஜன், "மச்சாள், பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றான். அவ்வளவுதான். கார் ஒரு உறுமல் உறுமியது. என் தலை கதிரையில் ஒட்டியது. வயிறு சீனக்குடாவிலேயே நின்றுவிட்டது. நான் கத்தினேன். கத்தின கையோடு சிரித்தேன். சின்னப் பிள்ளை மாதிரி, கண்ணில் தண்ணீர் வர, "இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்று கேட்டேன். அதுதான் எனக்கு இன்று வரை ஆத்திரம். பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

பாலத்தடியில் இறங்கிக் காற்று வாங்கும்போது சோபனா தன் போனைக் காட்டினாள். "இஞ்ச பார் அக்கா, ஆரும் காரை இடிச்சால் நாலு பக்கத்துப் படமும் எனக்குத்தான் வரும்."

"உனக்கோ? அவருக்கு வராதோ?"

"கார் என்ர பேரில தானே அக்கா எழுதியிருக்கு."

அவள் பேரில்! அப்பா தந்த வீட்டை விட்டால், என் பேரில் இருப்பது தண்ணீர் பில் மட்டும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கம். ஆனால் சொல்லத் தொடங்கியாயிற்று. ஒருநாள் புஸ்பராணி மிஸ் சட்டை தைக்கக் கொண்டு வந்தார். எப்போதும் கேற்றடியில் நின்றே, "ஜெயரூபி, வியாழனுக்கு முடியவேணும், போன முறை மாதிரிக் கை இறுக்கக் கூடாது" என்று ஓடர் போட்டுவிட்டுப் போகிறவர். அன்று கேற்றடியில் நின்று காரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் ஏறி வந்தார். "உங்களுக்கு வசதிப்படேக்க தைச்சுத் தாங்கோ" என்றார். உங்களுக்கு! இருபது வருஷத்தில் முதல் தரம் எனக்கு ஒரு நீங்கள். நான் திருத்தவில்லை.

பிறகு மீன்கார அலியார். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். கேற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! தங்கச்சி, புதுக் கார் எடுத்திருக்கீங்க போல?" என்று கேட்டார்.

என் வாய் என்ன சொல்லியது தெரியுமா? "ஓம்" என்றது.

அந்த ஒரு ஓமுக்கு நான் பட்ட பாடு! அன்றிலிருந்து அலியார் மலிவான சூடை மீனையும் சாளையையும் என் கண்ணில் காட்டுவதில்லை. பாரை, விளைமீன், முழு அறக்குளா என்று பெரிதாகத் தூக்கிக் காட்டுகிறார். கார்க்காரி சூடை கேட்கலாமா? வாங்கினேன். வாங்கிவிட்டு இராகுலனிடம் சூடை இப்போது வலையில் படுவதில்லை என்று பொய் சொன்னேன். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் வெட்டி மிஞ்சின துணியை எடுத்துக் காரின் தூசியைத் துடைக்கவும் தொடங்கினேன். இரண்டு கிழமை அது என் கார். அலியாருக்கும் புஸ்பராணி மிஸ்ஸுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த என் கார்.

நாலாம் கிழமை சிந்துஜன் மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். சோபனா பின்னால் நின்றாள்.

"மச்சாள், உங்கட குசினி மதிலை ரெண்டடி உள்ளுக்குத் தள்ளிக் கட்டினால் கார் பின்னுக்குப் போயிடும். செலவு முழுக்க என்ர. உங்கட முத்தத்திலயும் இடம் கிடைக்கும்."

நியாயமான கேள்விதான். மதிலுக்கு இந்தப் பக்கம் என்னிடம் இருப்பது ஒரு கறிவேப்பிலை மரமும் காய்ந்துபோன மல்லிகைப் பந்தலும். ஆனால் எனக்குள் ஏறி வந்த கொதிப்பு எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை. கார் போகட்டும் என்று ஒரு மனம், போனால் நான் யார் என்று ஒரு மனம்.

"அது அப்பா கட்டின மதில். ஒரு கல்லுப் பெயர்க்க விடமாட்டன்" என்றேன்.

சோபனா பேசுவாள், அழுவாள், சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

சிந்துஜன் மேசனை அனுப்பிவிட்டுச் சொன்னான். "பரவாயில்லை மச்சாள். உப்புவெளியில ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறன். கார் நிக்கக் கூரையும் இருக்கு. வெயிலுக்கையும் மழைக்கையும் இதை இப்பிடி விட ஏலாது. நாங்கள் அங்க போறம்."

உப்புவெளி என்ன, பத்து நிமிஷம். ஆனால் சோபனா இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் நாலரைக்கு அந்த ஒழுங்கையால் வந்து என் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறவள். சண்டை பிடித்த நாளிலும் வருவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பாள். அவள் போய்விட்டால் நாலரைக்கு நான் என்ன செய்வது? அதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். மதிலை உடையுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? மூன்று நாள் இரண்டையும் சொல்லாமல், இரண்டு பக்கமும் எரிந்துகொண்டு திரிந்தேன்.

இனி மானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டவுனில் மான் நாய்க்குட்டி மாதிரித் திரியும். கடற்கரை, பஸ் நிலையம், குப்பைத் தொட்டி, எங்கே பார்த்தாலும் மான். கேற்றைத் திறந்து வைத்தால் உள்ளே வந்து குரோட்டனையும் செவ்வரத்தையையும் அடியோடு தின்றுவிட்டுப் போகும். அதனால் இந்த வீதியில் நடக்கப் பழகும்போதே கொளுக்கி போடவும் பழகிவிடுவோம். கேற்றைச் சாத்தினால் கை தானாகக் கொளுக்கியைத் தட்டும். எனக்கு வயது நாற்பத்தேழு. கொளுக்கி போட நான் மறந்ததே இல்லை.

நாலாம் நாள் காலை ஆறரை. இராகுலன் வேலைக்குப் போய்விட்டார். நான் குப்பைப் பையை வெளியே வைத்துவிட்டு வந்து கேற்றைச் சாத்தினேன். கை கொளுக்கிக்குப் போனது. போய், அதைத் தொட்டு, திரும்பி வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. ஏதாவது நடக்கட்டும் என்று நினைத்தேன். என்ன என்று நினைக்கவில்லை.

தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தைக்கு வந்தபோது கேற்றைத் தலையால் தள்ளிக்கொண்டு ஒரு கொம்பு மான் உள்ளே வந்தது. பெரியது. குரோட்டனில் இரண்டு இலை கடித்தது. அப்படியே நிமிர்ந்தது. கார்க் கதவில் இன்னொரு கொம்பு மான் நிமிர்ந்து பார்த்தது.

இது அசையவில்லை. அதுவும் அசையவில்லை. இது காலால் மண்ணைக் கிளறியது. அதுவும் கிளறியது. ஒரு "சூ" போதும். கையைத் தட்டினாலே ஓடிவிடும், இவை அப்படிப்பட்ட பிராணிகள். எனக்குத் தெரியும். நான் கோப்பையை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தேன்.

முதல் இடி மெல்லத்தான். இரண்டாவது, தகரத்தில் கல் விழுந்த மாதிரி. மூன்றாவதுக்கு அது நாலடி பின்னால் போய் ஓடி வந்தது. கொம்பு கதவில் இழுபட்ட சத்தம் என் பல்லில் கூசியது. அப்போதுதான் கார் கத்தத் தொடங்கியது. ஊரையே எழுப்பிக் கத்தியது. மான் துள்ளி, குரோட்டன் சாடியையும் தட்டி விழுத்திவிட்டுக் கேற்றால் பாய்ந்து போனது. கதவில் கையளவு ஒரு பள்ளம், அதற்கு மேலே மூன்று நீளக் கீறல். நான் தைக்கும்போது முகம் தெரிகிற அதே இடத்தில்.

சிந்துஜன் கட்டின சாரத்தோடு ஓடி வந்தான். பின்னால் சோபனா, கையில் போன். அவன் கதவைத் தடவிப் பார்த்தான், குந்தியிருந்து பார்த்தான், எழும்பினான்.

"கேற்றை ஆர் திறந்து விட்டது?"

நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்" என்றாள் சோபனா. "காலமை பால் வாங்கப் போயிட்டு வந்தனான். கொளுக்கி போட மறந்திட்டன்."

"கமெராவில என்ன கிடக்கு?"

"பாத்திட்டன். மான் மட்டும்தான்."

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். "பட்டது காணும். இனி இஞ்ச சரிவராது. இண்டைக்கே அந்த உப்புவெளி வீட்டுக்காரனுக்குச் சொல்லிவிடுறன்" என்றுவிட்டு ஒழுங்கையால் போனான்.

நான் குசினிக்குள் போனேன். சோபனா பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினாள். போனை என் கையில் தந்தாள்.

படத்தில் மான் பக்கவாட்டில் பெரிதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், சின்னதாக ஆனால் பளிச்சென்று, விறாந்தையில் நான். கோப்பையோடு. முதல் இடிக்கு நிற்கிறேன். இரண்டாவதுக்கு நிற்கிறேன். மூன்றாவதுக்கு முதல் இன்னொரு மிடறு குடிக்கிறேன். அடிப்பாவி என்று எனக்கே வாயில் வந்தது.

"ஏன் அவரிட்டச் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னால் அவர் உன்னை என்னண்டு நினைப்பார்?"

பாருங்கள்! குணத்திலும் இவள்தான் பெரிய ஆளா? காரும் அவளுக்கு, கதவுக்குள் குளிர்காற்றும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு எரிச்சல்தானடி!" என்று கத்தினேன். "உன்ர காரைப் பாக்கப் பாக்க என்ர வயிறு பத்துது. அலியாரிட்ட என்ர கார் எண்டு சொன்னனான். கொளுக்கியை வேணுமெண்டுதான் போடேல்ல. போய்ச் சொல்லு உன்ர மனுசனிட்ட!"

சோபனா கதிரையை இழுத்து இருந்தாள். கொஞ்ச நேரம் மேசையில் இருந்த உப்புப் போத்தலைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஒழுங்கை ஏழடி எண்டு எனக்குத் தெரியும்."

"என்ன?"

"கார் எடுக்க முதல் உன்ர அளவு நாடாவாலதான் அளந்தனான். நீ கோயிலுக்குப் போயிருந்தனீ. பின்னுக்குப் போகக்கூடிய சின்னக் கார் ஒண்டு கொழும்பில இருந்தது. அவருக்கு அதுதான் பிடிச்சது. நான்தான் இது வேணுமெண்டு நிண்டனான்."

"ஏன்?"

"ஏனோ?" அவள் குரல் உடைந்தது. "காயிதம் வந்தால் உன்ர வீட்டுக்கு. ஆக்கள் வந்தால் உன்ர முத்தத்துக்கு. இந்த றோட்டில ஒருத்தருக்காவது என்ர பேர் தெரியுமே? பின்வீட்டுப் பிள்ளை. இப்ப பின்வீட்டு அம்மா. இருபத்திரண்டு வருசமா உன்ர குசினிச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். உன்ர வாசலில என்ர சாமான் ஒண்டு நிக்கவேணும் எண்டு இருந்தது எனக்கு. நீ மதிலை உடைக்க விடமாட்டன் எண்டு சொல்லேக்க எவ்வளவு சந்தோசம் தெரியுமோ?"

நாற்பது வருஷத்துக்கு மேல் இவளோடு கிடந்திருக்கிறேன். முன்வீடு ஒரு குற்றம் என்று எனக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் தோன்றியிருக்குமா?

"பிறகென்ன" என்றேன். "உப்புவெளிக்குப் போ. அங்க றோட்டைப் பாத்த வீடு. உன்ர பேர், உன்ர கேற்."

சோபனா மூக்கைத் துடைத்தாள். "அங்க ஆர் அக்கா எனக்கு? நீ பாக்காட்டி எனக்கென்னத்துக்கு இந்தக் கார்?"

அவளைப் பிடித்து இரண்டு அறை விட வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒழுங்கையால் பின்வீட்டுக்குப் போனேன். சிந்துஜன் போனும் கையுமாக நின்றான்.

"சிந்துஜன், போனை வையும்" என்றேன். "கேற்றைத் திறந்து விட்டது நான். மான் இடிக்கேக்க பாத்துக்கொண்டு நிண்டதும் நான். படத்தில இருக்கு, பாரும். பொறாமையில செய்தனான். வீட்டை விட்டுப் போகாதையுங்கோ. மேசனைக் கூப்பிடும், மதிலை உடைக்கட்டும்."

"மதிலை உடைக்க வேண்டாம்!" என்று சோபனா பின்னால் இருந்து கத்தினாள். "கார் முன்னுக்கே நிக்கட்டும்!"

சிந்துஜன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சோபனாவின் போனை வாங்கி, படத்தை முழுக்கப் பார்த்தான். நான் மிடறு குடிக்கிற இடத்தில் நிற்பாட்டித் திரும்பவும் பார்த்தான். என் காது சுட்டது.

"உங்கள் ரெண்டு பேருக்கும் விசர் பிடிச்சிருக்கு" என்றான். உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் பெரிய சாம்பல் நிறப் பொதி. கார் வாங்கும்போதே வந்த உறை. புதுப் பொம்பிளையை ஆரும் போர்த்து வைப்பினமோ என்று சோபனா போட விடாமல் வைத்திருந்தது. அதை எங்கள் காலடியில் தொப்பென்று போட்டான். "அப்ப இதைப் போட்டு மூடுங்கோ. மானும் பாக்க வேண்டாம், மச்சாளும் பாக்க வேண்டாம்."

அவன் என்னோடு சரியாக முகம் பார்த்துக் கதைக்க இரண்டு மாதம் சென்றது. அது எனக்கு வேண்டியதுதான்.

நானும் சோபனாவும் சேர்ந்து உறையை இழுத்துப் போட்டோம். ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தது, தையலை நான்தான் பிரித்துத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த நாள் அலியார் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, காரைப் போர்த்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"அது என்ர இல்லை, அலியார் நானா. பின்வீட்டுச் சோபனான்ர" என்றேன். "சூடை இருக்கே?"

இருந்தது. பெட்டியின் அடியில் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.

கதவு இன்னும் திருத்தவில்லை. கொழும்பிலிருந்து ஏதோ வர வேண்டுமாம். உப்புவெளிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. நாள் முழுக்கக் கார் சாம்பல் போர்வைக்குள் கிடக்கிறது. நானும் தலையை நிமிர்த்தாமல் தைக்கிறேன். நாலரைக்குச் சோபனா ஒழுங்கையால் வருவாள். முதலில் போய்க் கேற்றுக் கொளுக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பாள். பிறகு எனக்காக உறையின் முன்பக்கத்தைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேல் மடித்துவிட்டு, வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் கையில் எடுப்பாள். எடுத்து, என் முகத்தைப் பார்ப்பாள். நானும் அவளுக்காக, ஒரு நாளும் குறை வைக்காமல் எரிகிறேன்.